பழைய பதிப்புக்குத் திருத்தம் கொண்டுபோவதும் ப்ராஜெக்ட்தான்

பெறுநர்: வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டக் கல்லூரிகளின் கணினித் துறைத் தலைவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். காட்பாடியில் இருந்தபடி ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கும், குடியாத்தத்தில் சில பள்ளிகளுக்கும், ஒன்றிரண்டு கல்லூரி நூலகங்களுக்கும் லினக்ஸ் சர்வர் பார்த்துக்கொடுப்பது என் தொழில். மாவட்டத்தை 1989இல் ஒரு முறை, 2019இல் ஒரு முறை பிரித்துவிட்டார்கள். நான் இன்னும் மொத்தத்தையும் வடாற்காடு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் படித்துவிட்டு வரும் பிள்ளைகளைத்தான் வேலைக்கு எடுக்கிறேன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் புதிய பதிப்பில் வந்த ஒரு திருத்தத்தை, பழைய பதிப்புக்கென்று தனியாகப் பராமரிக்கும் பிரதிக்கு, அதன் கிளைக்கு, கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை, அதாவது பேக்போர்ட் செய்வதை, இறுதியாண்டு ப்ராஜெக்டாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

"இதில் நீ புதுசா என்ன செய்தாய்?" என்றுதான் வைவாவில் முதல் கேள்வி வரும். தெரியும். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பிள்ளைகள் ப்ராஜெக்ட் சென்டர் படியேறுகிறார்கள். அங்கே தலைப்பு, ப்ரோக்ராம் கோடு, ரிப்போர்ட், பிபிடி எல்லாம் ஒரே பேக்கேஜ். முக அடையாளம் வைத்து வருகைப்பதிவு, பயிர் நோய் கண்டறிதல், அப்புறம் எப்போதும் இருக்கவே இருக்கிறது லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம். இதில் வேடிக்கை என்னவென்றால், பல கல்லூரி நூலகங்களில் உண்மையாகவே ஓடிக்கொண்டிருப்பது கோஹா என்ற நூலக மென்பொருள். நியூசிலாந்தில் ஒரு சிறிய ஊர் நூலகத்துக்காக 1999இல் எழுதத் தொடங்கியது. அதன் கோடு முழுக்கத் திறந்து கிடக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, மே மாதமும் நவம்பரும், புதுப் பதிப்பு வரும். பழைய கிளை ஒவ்வொன்றுக்கும் ஒரு பராமரிப்பாளர் இருந்து, மெயினில் (புதிய வேலை நடக்கும் மூலக் கிளையில்) சேர்ந்த திருத்தங்களில் எதை எடுப்பது, எதை விடுவது என்று பார்த்துப் பார்த்துக் கீழே இறக்குகிறார். அந்த நூலகத்துக்கு எதிர் வகுப்பறையில் உட்கார்ந்து, யாரும் ஓட்டப்போகாத இன்னொரு நூலக மென்பொருளை எழுதிக்கொண்டிருக்கிறான் நம்ம பையன்.

பழைய பதிப்பை ஏன் கட்டி அழ வேண்டும், எல்லோரும் புதியதுக்கு மாறிவிட்டால் போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். ஷிப்மென்ட் நெருக்கத்தில் இருக்கும் ஷூ கம்பெனியிடம் போய் டேட்டாபேஸை அடுத்த பெரிய பதிப்புக்கு ஏற்றலாம் என்று சொல்லிப் பாருங்கள். பள்ளி லேபில் இருப்பதோ 32-பிட் மெஷின்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பு, அந்த வகை இன்டெல் கணினிகளில் நிறுவும் வசதியையே எடுத்துவிட்டது. ஆக அவை டெபியன் 12இல்தான் நிற்கும். அதற்கென்று யாரோ இறக்கித் தரும் திருத்தங்களால்தான் அந்த லேப் ஓடுகிறது.

சரி, வேலைக்கு வருவோம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கட்டளை: கோடு மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட் என்ற கருவியில், ஒரு மாற்றத்தை மட்டும் எடுத்து இன்னொரு கிளையில் வைக்கும் செர்ரி-பிக். கான்ஃபிளிக்ட் (இரண்டு பக்கக் கோடும் பொருந்தாமல் மோதுவது) வந்தால் சரிசெய், வராவிட்டால் முடிந்தது. இப்படி நினைத்து வருகிறவனைத்தான் இந்த வேலை பிடித்து உட்காரவைக்கும். முதலில், இந்தப் பிழை பழைய கிளையில் இருக்கிறதா என்றே பார்க்க வேண்டும். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை வெளியானபோது உலகமே, இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லை மாற்ற ஓடியது. ஆனால் அந்தப் பிழை உள்ளே நுழைந்ததே 1.0.1 பதிப்பில்தான், அதற்கும் பழைய 0.9.8இல் இருந்தவர்களுக்கு அதனால் ஆபத்தில்லை. எந்தக் கமிட்டில் (பதிவான மாற்றத்தில்) பிழை வந்தது, அந்தக் கமிட் எந்தெந்தக் கிளைகளில் இருக்கிறது என்று வரலாற்றைத் தோண்டிப் பார்த்தால்தான் இது தெரியும்.

பிழை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். திருத்தம் கூப்பிடுகிற ஒரு ஃபங்ஷன் பழைய கிளையில் இல்லை. இது நல்ல செய்தி. கம்பைல் ஆகாது, உடனே தெரிந்துவிடும். அதே பெயரில் ஒன்று இருந்து, வேறு மாதிரி நடந்துகொண்டால்தான் வில்லங்கம். புதிய கிளையில் அந்த ஃபங்ஷன் லாக்கை (ஒரே தரவை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடாமல் தடுக்கும் பூட்டை) தானே எடுத்துக்கொள்ளும். பழையதில் கூப்பிடுகிறவர் முன்பே எடுத்திருக்க வேண்டும். கான்ஃபிளிக்ட் ஒன்றும் காட்டாமல் பேட்ச் (திருத்தக் கோப்பு) அழகாக உட்கார்ந்துவிடும், ஆனால் லாக்கை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். ஆம்பூர்க்காரர்களுக்குச் சொல்வதென்றால், புது லாஸ்டுக்கு (கால் வடிவ அச்சுக்கு) வெட்டின ஷூ சோலைப் பழைய லாஸ்டில் செய்த ஷூவுக்கு ஒட்டுவது மாதிரி: பசை பிடித்துக்கொள்ளும், நடந்தால்தான் வலி தெரியும். போதாததற்கு, அந்தத் திருத்தத்துக்கே மூன்று மாதம் கழித்து இன்னொரு திருத்தம் வந்திருக்கலாம். முதலாவதை மட்டும் எடுத்துவந்தால் புதுப் பிழையையும் சேர்த்து எடுத்துவந்ததாக ஆகும். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலில் கமிட் செய்தியில் 'ஃபிக்ஸஸ்' என்று ஒரு வரி போட்டு, எந்தக் கமிட்டைத் திருத்துகிறோம் என்று குறிப்பது வழக்கம். அதைப் பின்தொடர்ந்து தேடத் தெரிந்தவர் கோடு படிக்கத் தெரிந்தவர் என்று நம்பி வேலை கொடுக்கலாம்.

பெரியவர்களுக்கும் இதில் சறுக்கல் உண்டு. 2024 நவம்பர் 14 அன்று போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் தன் பழைய கிளைகளுக்கும் சேர்த்து விட்ட வெளியீட்டில் ஒரு ஸ்ட்ரக்சரின் (தரவு அமைப்பின்) அளவு கூடிவிட்டது. முந்தைய வெளியீட்டை வைத்துக் கம்பைல் செய்திருந்த டைம்ஸ்கேல்டிபி போன்ற எக்ஸ்டென்ஷன்கள் (கூடச் சேர்த்து ஓட்டும் துணை மென்பொருள்கள்) அடிவாங்கின. 21ஆம் தேதியே மறு வெளியீடு விட வேண்டியதாயிற்று. "கோடு சரிதான், ஆனால் இந்தக் கிளைக்கு இது ஆகாது" என்ற தீர்மானத்தை எந்தப் பாடத்தில் சொல்லித்தருகிறோம்?

இடையில் ஒரு சொந்தப் புலம்பல். வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பும் ஆடிட்டர் ஸ்கேன் போட்டு, மென்பொருளின் பதிப்பு எண்ணைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பழைய நம்பரா?" என்று சிவப்பில் எழுதிவிட்டுப் போவார். டெபியன் 7 ஹார்ட்பிளீட்டுக்குத் திருத்தம் தந்தபோதும் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 1.0.1இ என்ற எண்ணை மாற்றவில்லை. பின்னால் தன் அடையாளமாக ஒரு ஒட்டு மட்டும் சேர்த்தது. எண்ணைப் பார்த்துப் பயனில்லை, மாற்றங்களின் பட்டியலான சேஞ்ச்லாகைத் திறக்க வேண்டும். இதை ஆடிட்டருக்கு எடுத்துச் சொல்லத் தெரிந்த ஒரு பிள்ளை கிடைத்தால் சம்பளம் கூட்டித் தர நான் தயார்.

ஆள் தேவை இங்கே மட்டும் இல்லை. லினக்ஸின் நீண்டகாலக் கெர்னல்களை 6 ஆண்டு காப்போம் என்று 2017இல் சொன்னார்கள். 2023இல், புதியவற்றுக்கு இனி 2 ஆண்டுதான் என்று குறைத்துக்கொண்டார்கள். பராமரிப்பாளர்கள் களைத்துப்போகிறார்கள் என்பது அப்போது வெளிப்படையாகவே பேசப்பட்டது.

இங்கேதான் உங்களிடம் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பேட்ச் ஏற்கப்பட்டால்தான் மதிப்பெண் என்று தயவுசெய்து வைத்துவிடாதீர்கள். 2020 அக்டோபரில், ஓப்பன் சோர்ஸுக்குத் திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் தரும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் போட்டியில், ஒரு டி-ஷர்ட்டுக்காக உலகம் முழுக்க ரீட்மீ (அறிமுகக் குறிப்பு) கோப்புகளில் ஒரு சொல்லை மாற்றி அனுப்பிக் குவித்ததில், அந்தப் போட்டியின் விதியையே நடுவில் மாற்ற வேண்டிவந்தது. ஒரு டி-ஷர்ட்டுக்கே அப்படியென்றால் மதிப்பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 2021இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சி என்ற பெயரில் பிழையுள்ள பேட்ச்களை அனுப்பிப் பார்த்த கதை தெரிந்ததும், கெர்னல்காரர்கள் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வருவதையே தடுத்துவிட்டார்கள். நம் ஊர் மின்னஞ்சல் முகவரிக்கு அந்த நிலை வரக் கூடாது.

அதனால் வேலைக்கு மதிப்பெண் போடுங்கள். சீரோத் ரிவியூவில், பழைய கிளையில் பிழை இருப்பதை ஒரு டெஸ்ட் எழுதி, அது தோற்பதைக் காட்டட்டும். அடுத்த ரிவியூவில், மூல பேட்சுக்கும் தன் பேட்சுக்கும் உள்ள வேறுபாட்டைக் கிட் ரேஞ்ச்-டிஃப் போட்டு வரிவரியாக விளக்கட்டும். கடைசியில் முழு டெஸ்டும் ஓட வேண்டும். ஆராய்ந்துவிட்டு, "இந்தத் திருத்தத்தைப் பழைய கிளைக்குக் கொண்டுபோகக் கூடாது, காரணம் இது" என்று எழுதினால் அதற்கும் முழு மதிப்பெண் உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் கடினமான விடை. சாட்ஜிபிடி போட்டுத் தந்த பேட்ச் என்று சந்தேகம் வந்தால், பழைய கிளையில் அந்த நேரத்தில் லாக் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள், போதும்.

எங்கிருந்து தொடங்குவது என்றால், கோஹா ஒன்று. பைத்தான் இன்னொன்று: அங்கே திருத்தங்களைப் பழைய கிளைகளுக்கு இறக்க மிஸ் இஸ்லிங்டன் என்று ஒரு பாட் (தானே வேலை செய்யும் ப்ரோக்ராம்) இருக்கிறது. கான்ஃபிளிக்ட் வந்தால் தன்னால் ஆகவில்லை என்று எழுதிவைத்துவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும். மிச்சத்தை மனிதர்தான் செய்ய வேண்டும். மூலத்தை எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம். கெர்னலை முதல் ஆண்டே தொட வேண்டாம். மெயின்லைனில் (மூலக் கிளையில்) சேர்ந்த பிறகுதான் ஸ்டேபிளுக்கு (பராமரிப்புக் கிளைக்கு), அதுவும் மாற்றத்தைச் சுற்றியுள்ள வரிகளோடு 100 வரிக்குள் என்று அங்கே விதிகள் உண்டு. படிக்க மட்டும் கொடுங்கள்.

வரும் ஆண்டு தலைப்புப் பட்டியல் ஒட்டும்போது இதற்கு ஒரு வரி சேருங்கள்; துறைக்கு ஒரு டீம் போதும். பழைய கிளையைக் கட்டி ஓட்டிப் பார்க்க 32-பிட் மெஷின்கள் என்னிடம் இருக்கின்றன, சனிக்கிழமைகளில் பிள்ளைகள் வந்து பயன்படுத்தலாம். இந்தத் தலைப்புக்கு எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் கிடைக்காவிட்டால் பஸ் செலவுகூட வேண்டாம், நானே வருகிறேன்.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து ஒரு சர்வர் பராமரிப்பாளர்