2024–25 ஆண்டறிக்கை: தொல்லியல் சொற்பொழிவுகள்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இரண்டாம் சனிக்கிழமைச் சொற்பொழிவுகள் இந்த ஆண்டும் தொடர்ந்தன. நவம்பர் கூட்டம் மட்டும் மழையால் தள்ளிப்போனது.

1924 செப்டம்பர் 20இல் இந்தியத் தொல்லியல் துறைத் தலைவர் ஜான் மார்ஷல் சிந்துவெளி நாகரிகத்தை அறிவித்ததன் நூற்றாண்டை ஒட்டிச் செப்டம்பர் பேச்சு அமைந்தது. பாதியில் மைக் நின்றுவிட்டது, பின்வரிசைக்காரர்கள் மன்னிக்கவும். அப்புறம் ஜனவரியில், சிந்து எழுத்தைப் படித்தறிபவருக்குத் தமிழக அரசு 10 லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. அன்றுமுதல் நம் உறுப்பினர் இருவர் வாட்ஸ்அப் குழுவில் ஓயாமல் தீர்வு அனுப்புகிறார்கள். பரிசு தருவது நம் மன்றம் அல்ல என்பதை நினைவூட்டுகிறேன்.

பிப்ரவரியில் நாற்காலி போதவில்லை. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் அகழ்ந்தெடுத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாக ஜனவரி 23இல் அறிவிப்பு வந்திருந்ததே காரணம். கைதட்டும் ஆவலோடு வந்தவர்களுக்குப் பேச்சாளர் முதல் அரை மணி நேரமும் கரித்துண்டைப் பற்றியே பாடம் எடுத்தார். அந்த ஆண்டுக்கணக்கு இரும்போடு கிடைத்த கரியை அளந்து சொன்னது. ஆகவே கரி எந்த இடத்தில், எதனோடு கிடந்தது என்பதை முதலில் கேளுங்கள் என்றார். மாதிரிகளைப் புளோரிடா, லக்னோ, அகமதாபாத் என வெவ்வேறு ஆய்வகங்களுக்கு ஏன் அனுப்பினார்கள் என்பதும் அன்றுதான் பலருக்கு விளங்கியது. சிலர் பாதியில் எழுந்து போனார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை.

ஆண்டின் சிறந்த கூட்டம், என் கணக்கில், மார்ச் மாதக் கொடுமணல் கூட்டம். பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுவே என்று அறிஞர்கள் கொள்ளும் நொய்யல் கரை ஊர். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழ்ந்த இடம். இரும்பு உருக்கிய உலை, முடிந்ததும் முடியாததுமான கல்மணிகள் என்று படங்கள் ஓடின. பிறகு எல்லாரும் முற்றத்துக்கு வந்தோம். மண்பாண்டத் தொழிலாளர் ஒருவர் காலையிலேயே மூட்டியிருந்த சிறு சூளையைப் பிரித்தார். கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றி, உமிக்குள் கவிழ்த்துச் சுட்ட கலயங்கள்: காற்றுப் படாத உட்புறமும் வாயும் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. விரிசல் விட்ட ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்து உடைக்கச் சொன்னார். உடைந்த விளிம்பில் இரண்டு நிறமும் பட்டையாகப் பிரிந்து தெரிந்தன. கறுப்பு சிவப்புப் பானை என்று எத்தனையோ பேச்சில் கேட்ட பெரியவர்களும் அந்த ஓட்டுக்குக் கை நீட்டினார்கள்.

எனவே வரும் ஆண்டில் செய்முறையோடு கூடிய கூட்டங்களை அதிகமாக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. கீழடி அருங்காட்சியகப் பயணத்துக்குப் பெயர் கொடுப்பவர்கள் முன்பணத்தோடு கொடுக்கவும். சென்ற முறை பேருந்தில் பாதி இருக்கை காலி. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

நன்றி.

செயலாளர்