விண்கலம் வந்து சேர நேரம் ஆகத்தான் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி விளையாட்டுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையில், ஆடுபவரை எதற்காகவும் காக்க வைக்காததே நல்ல விளையாட்டு என்று எழுதப்பட்டிருந்தது. பல ஆண்டுகளாக விண்வெளி விளையாட்டுகளை ஆடி வருபவன், குன்னூரில் காய்கறி லாரிகளுக்கு லோடு பதிவு செய்யும் வேலையில் இருப்பவன் என்ற இரு வகையிலும் அந்தக் கருத்தை என்னால் அப்படியே ஏற்றுக்கொள்ள இயலவில்லை. ஓரிடத்தில் நிறுத்திவிட்டு வந்த விண்கலத்தை வேறோர் இடத்துக்கு வரவழைக்கும் வசதி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு என் கருத்தைச் சொல்கிறேன்.

2014 டிசம்பரில் வெளியான ‘எலைட் டேஞ்சரஸ்’ என்ற விளையாட்டு, நமது பால்வெளி மண்டலத்தை அதன் உண்மையான அளவிலேயே, ஏறத்தாழ 40,000 கோடி விண்மீன்களோடு நம் முன் விரித்து வைக்கிறது. அதில் ஒவ்வொரு விண்கலத்துக்கும், ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்குப் பாயும் ஒரே தாவலில் இத்தனை ஒளியாண்டுதான் கடக்கலாம் என்ற வரம்பு உண்டு. நெடுந்தூரம் தாவக்கூடிய கலம் சண்டைக்கு உதவாது. கவசமும் ஆயுதமும் ஏற்றிய சண்டைக் கலமோ சிறு சிறு தாவலாகத்தான் போகும். எதை எடுத்துக்கொண்டு கிளம்புவது, எதை விட்டுவிட்டுப் போவது என்ற யோசனையில்தான் அந்த விளையாட்டின் சுவையே இருக்கிறது. ஆனால் தொடக்க காலத்தில், விட்டுவிட்டு வந்த கலம் வேண்டுமென்றால் நாமே திரும்பிப் போய் எடுத்து வர வேண்டியிருந்தது. அது உண்மையிலேயே அலுப்பூட்டியது. அதை நான் மறுக்கவில்லை.

அந்தக் குறையைத் தீர்க்க, விளையாட்டை உருவாக்கிய ஃபிரான்டியர் நிறுவனம் 2016இல் கலங்களை வரவழைக்கும் வசதியைத் திட்டமிட்டபோது, கேட்ட நொடியிலேயே கலம் வந்து நிற்கும் என்றுதான் முதலில் அறிவித்தது. ஆடுபவர்களிடையே பெரும் விவாதம் எழுந்தது. நிறுவனம் வாக்கெடுப்பு நடத்தியது. வசதியை அனுபவிக்கப் போகிறவர்களே, தூரத்துக்கு ஏற்ற தாமதம் வேண்டும் என்று பெரும்பான்மையாக வாக்களித்தார்கள். அவ்வாண்டு அக்டோபரில் வசதி நடைமுறைக்கு வந்தபோது தூரத்துக்கும் கலத்தின் விலைக்கும் ஏற்பக் கட்டணமும், தூரத்துக்கு ஏற்பக் காத்திருப்பும் சேர்ந்தே வந்தன.

அந்த வாக்கு சரியானது என்பதற்கு என்னிடம் உள்ள முதல் காரணம் சரக்குத் தொழிலிலிருந்து வருவது. ஒரு முழு விண்கலத்தை நொடியில் கொண்டு சேர்க்க முடியும் என்றால், அதே வழியில் சரக்கையும் கொண்டு சேர்க்கலாமே? பிறகு எதற்காக அந்த உலகில் வணிகர்கள் கொள்ளையருக்கு அஞ்சிக்கொண்டு சரக்குக் கலங்களை ஓட்ட வேண்டும்? ஒரு நிலையத்தில் மலிவாகவும் மற்றொன்றில் கிராக்கியாகவும் ஒரு பொருள் விற்பதற்கே காரணம் இல்லாமல் போய்விடும். கேத்தியில் கழுவி மூட்டை கட்டிய கேரட் கண் மூடித் திறப்பதற்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் இருக்கும் என்றால் லாரி எதற்கு, ஓட்டுநர் எதற்கு, நான்தான் எதற்கு? இரண்டாவது காரணம், தாவும் தூரத்தின் வரம்பு பொருளற்றுப் போவது. நெடுந்தூரக் கலத்தில் விரைந்து போய்ச் சேர்ந்துவிட்டு, சண்டைக் கலத்தை நொடியில் வரவழைத்துக்கொள்ளலாம் என்றால் எந்தக் கலத்துக்கும் குறை என்று ஒன்று இருக்காது.

சென்னையிலிருந்து குன்னூருக்கு வேலைக்கு வந்தபோது என் இருசக்கர வண்டியை ரயில் பார்சலில் கோவைக்குப் போட்டேன். பெட்ரோலை வடித்துவிட்டு, வைக்கோல் வைத்துச் சாக்கால் சுற்றித் தைத்து, மேலே ஊர்ப் பெயரை எழுதினார்கள். நான் மறுநாளே வந்துவிட்டேன். வண்டி நான்காம் நாள்தான் வந்தது. சாக்கைப் பிரித்தபோது சங்கிலியில் வைக்கோல் சிக்கியிருந்தது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, பெட்ரோல் ஊற்றி, பர்லியாறு வழியாக மலையேறினேன். அந்த மூன்று நாளும் நான் வண்டிக்காக ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. பேருந்தில் வேலைக்குப் போய் வந்தேன். பொருள் வந்து சேர ஆகும் நேரம் வேறு, ஆளைப் பிடித்து உட்கார வைப்பது வேறு. கட்டுரையாளர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டார் என்பதே என் வருத்தம்.

எலைட் டேஞ்சரஸ் இந்த வேறுபாட்டை அறிந்தே செய்திருக்கிறது. கலம் வந்துகொண்டிருக்கையில் நாம் வேறொரு கலத்தில் வேறு வேலை பார்க்கலாம். கணினியை அணைத்துவிட்டுத் தூங்கவும் போகலாம், கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சூரியனிலிருந்து ஏறத்தாழ 22,000 ஒளியாண்டு தொலைவில், அந்த விளையாட்டில் மக்கள் குடியேறியுள்ள கொலோனியாவுக்குக் கலத்தை வரவழைத்தால் நாள் கணக்கில் ஆகிறது. ஆகட்டுமே; அந்த நாள் கணக்கினால்தான் கொலோனியா தொலைதூரத்து ஊராக இருக்கிறது. எங்கள் மலை ரயிலும் அப்படித்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர். ஏற ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்சட்டத்தைப் பற்றிக்கொண்டு எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுவதைப் பார்த்தவர் எவரும் ஏன் இத்தனை நேரம் என்று கேட்பதில்லை. காரணம் கண்ணுக்குத் தெரிவதால் தாமதம் குறையாகத் தோன்றுவதில்லை.

மாற்றுக் கருத்தையும் நான் அலட்சியப்படுத்தவில்லை. கோவையில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன், “சித்தப்பா, எனக்குக் கிடைக்கிறதே ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம். அதுலயும் கப்பல் வரலைன்னா நான் என்ன பண்றது?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. அதனால்தான் 2017இல் அதே விளையாட்டில், எங்கோ தொலைவில் இருக்கும் நண்பரின் கலத்தில் உருவமாக மட்டும் உடனே தோன்றி உடன் ஆடும் வசதி வந்தபோது, அதற்குச் சொன்ன விளக்கம் மெலிதாக இருந்தும் நான் ஏற்றுக்கொண்டேன். நண்பர்கள் ஒன்றுகூடும் மாலைப் பொழுதை ஒளியாண்டுக் கணக்குக்குப் பலி கொடுக்க வேண்டியதில்லை.

ஆயினும் எனக்கு மிகவும் பிடித்த தீர்வு 2020இல் வந்தது. சொந்தமாக ஒரு பெருந்தாய்க்கலத்தை வாங்கி, அதில் நம் கலங்களை ஏற்றி, ட்ரிட்டியம் எரிபொருளை நிரப்பினால் ஒரே தாவலில் 500 ஒளியாண்டு வரை போகலாம். ஒவ்வொரு தாவலுக்கும் முன் கால் மணி நேரமாவது ஆயத்தம் வேண்டும். வசதி கிடைக்கிறது, ஆனால் அது விலை கொடுத்து வாங்கி, எரிபொருள் போட்டு, பராமரிக்க வேண்டிய ஒரு பொருளாக அந்த உலகத்துக்குள்ளேயே இருக்கிறது.

தமிழகத்திலும் இளைஞர்கள் பலர் விளையாட்டுகளை உருவாக்கத் தொடங்கியிருக்கும் இந்நாளில், அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கலத்தை வரவழைக்கும் திரையில் கட்டணத்தையும் நேரத்தையும் மட்டும் காட்டாமல், அதை யார் ஓட்டி வருகிறார், எந்த வழியாக வருகிறார், இப்போது எந்த விண்மீனைத் தாண்டியிருக்கிறார் என்பதையும் காட்டுங்கள். அவசரக்காரர் கூடுதல் கூலி கொடுத்துக் குறுக்கு வழியில் வரவழைக்கட்டும். வழியில் ஆபத்து இருந்தால் கலம் கீறலோடு வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
குன்னூர், நீலகிரி மாவட்டம்.