சிறுவர் பீரோவின் பூட்டைத் திறந்துவிடுங்கள்

எங்கள் கிளை நூலகத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம். சிறுவர் நூல்களைப் பூட்டி வைத்திருக்கும் அந்தக் கண்ணாடி பீரோவைப் பற்றித்தான் மறுபடியும் எழுதுகிறேன். அதைத் திறக்கச் சொல்லி வாசகர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனு உங்களிடம் இருக்கிறது. 'ஆவன செய்யப்படும்' என்று பதிலும் அனுப்பினீர்கள். பூட்டு இன்னும் திறக்கவில்லை.

போன சனிக்கிழமை நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாம் வகுப்பு படிக்கும் என் பேத்தியை நூலகத்துக்குக் கூட்டிப் போனேன். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, உள்ளே தெரிந்த தலைப்புகளை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்தாள். பெயரில் யானை வந்த ஒரு புத்தகத்தைக் கேட்டாள். பணியில் இருந்தவர் சாவி கொண்டுவந்து, எடுத்துக் கொடுத்து, உடனே பூட்டிவிட்டார். பிரித்தால் உள்ளே பொடி எழுத்து, படமே இல்லை. பெரிய பிள்ளைகளுக்கான புத்தகம். தயங்கித் தயங்கி வேறு ஒன்று கேட்டாள். "எது வேணும்னு முடிவு பண்ணிட்டுச் சொல்லு பாப்பா, சும்மா சும்மா திறக்க முடியாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லைதான். ஆனால் குழந்தை முகம் சுருங்கி, "இதுவே போதும் ஆயா" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். புத்தகம் வீட்டில் அப்படியே கிடக்கிறது. இந்த வாரம் கூப்பிட்டால் நூலகத்துக்கு வரமாட்டேன் என்கிறாள்.

பிரித்துப் பார்க்காமல் எட்டு வயதுப் பிள்ளை எதை முடிவு பண்ணும்? நாம் எழுத்தாளர் பெயர் தெரிந்து வருகிறோம், யாரோ சொல்லிக் கேட்டு வருகிறோம். குழந்தைக்கு அந்த வழி கிடையாது. கையில் எடுக்கும், படம் பார்க்கும், நடுவில் நாலு வரி படித்துப் பார்க்கும், பிடிக்காவிட்டால் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கும். பத்தைப் புரட்டினால் ஒன்று மனதில் ஒட்டும். வேண்டாம் என்று வைத்த ஒன்பதைப் புரட்டாமல் அந்த ஒன்றுக்குப் போய்ச்சேரவே முடியாது. அந்த ஒன்பதைத்தான் நீங்கள் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

நான் குடியாத்தத்தில் பீடி சுற்றும் வீட்டில் வளர்ந்தவள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு அவர் பீடி சுற்ற, நானும் அண்ணனும் முறை வைத்துக் கதை படிப்போம். மூச்சு வாங்க நிறுத்தினால் "அப்புறம்?" என்பார். கை மட்டும் நிற்காது. வாடகை நூல் நிலையத்திலிருந்து வந்த அந்தப் புத்தகங்களுக்குப் பெரும்பாலும் அட்டை இருக்காது, சிலவற்றில் கடைசிப் பக்கங்களும் இருக்காது. முடிவை நாங்களே சொல்லிக்கொள்வோம். அம்மா சொல்லும் முடிவுதான் எங்கள் இருவருக்கும் பிடிக்கும். என் பிள்ளைகளும் அப்படிப் படித்துக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். இப்போது பேத்தியின் முறை. 'பிள்ளைகள் கையில் கொடுத்தால் கிழித்துவிடுவார்கள்' என்று பூட்டுக்குக் காரணம் சொல்லப்படும்போது, எங்களை வளர்த்த அந்தக் கிழிந்த புத்தகங்களைத்தான் நினைத்துக்கொள்கிறேன். பல வீடுகளுக்குப் போய் வந்ததால் கிழிந்தவை அவை. பேத்தி எடுத்துவந்த புத்தகத்தில், இரவல் தேதி குறிக்கும் சீட்டில் அவளுக்கு முன்னால் ஒரு தேதிகூட இல்லை.

நூலகரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கணக்கெடுப்பில் புத்தகம் குறைந்தால் தன் கைப்பணத்தைக் கட்ட வேண்டியிருக்கும் என்று அவரே என்னிடம் சொன்னார். அந்தப் பயம் இருந்தால் யாராக இருந்தாலும் பூட்டத்தான் செய்வார்கள். மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் மகன் ஒரு விதியைக் காட்டினான். 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 215ஆவது. ஓர் ஆண்டில் இரவல் கொடுத்தும் அங்கேயே படிக்கக் கொடுத்தும் கைமாறிய நூல்களில் ஆயிரத்துக்கு ஐந்து வரை தொலைந்தால், அதில் நேர்மையின்மையோ அலட்சியமோ இல்லாதவரை, அதை இயல்பான இழப்பாக ஏற்கலாம் என்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள நூலோ அரிய நூலோ தொலைந்தால்தான் கட்டாய விசாரணை. இது மத்திய அரசுக்கான விதி, உங்களைக் கட்டுப்படுத்தாது, சரி. அதே மாதிரி ஓர் ஆணையை எங்கள் நூலகருக்கு நீங்கள் எழுத்தில் கொடுக்கலாமே? பூட்டைத் திறக்க அவருக்கு அது ஒன்று போதும்.

'நூல்கள் பயன்பாட்டுக்கே' என்பது நூலக அறிவியலின் முன்னோடியான எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்கென வகுத்த ஐந்து விதிகளில் முதல் விதி என்று உங்கள் துறைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டுவண்டி நூலகத்தைத் தொடங்கிவைத்தவர் அவர். சாலையே சரியாக இல்லாத காலத்தில் புத்தகம் மாடு பூட்டிய வண்டியில் ஊர் ஊராக ஆளைத் தேடிப் போனது. இன்று ஆளே தேடி வந்தும் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறது. 1948ஆம் ஆண்டின் நூலகச் சட்டப்படி, சொத்து வரி கட்டும்போது ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். அந்தப் பீரோவில் இருப்பவை எங்கள் பிள்ளைகளின் புத்தகங்கள்.

மேடைக்கு மேடை, பிள்ளைகள் செல்போனைவிட்டு நிமிர்வதில்லை என்று பேசுகிறார்கள். மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கிறது. பள்ளிக் கல்வித் துறை 'நுழை, நட, ஓடு, பற' என்று படிநிலை வகுத்துச் சின்னச் சின்னப் புத்தகங்களை அச்சடிக்கிறது. எல்லாம் நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் நுழையவே விடாமல் எந்தப் பிள்ளை நடக்கும், எப்போது ஓடும்? விழாவில் வாங்கக் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இந்த ஒரு பீரோதான் இருக்கிறது. அதையும் பூட்டிவிட்டுப் பிள்ளைகள்மேல் பழி போடுவது எந்த வகையில் நியாயம்?

மன்னிக்கவும், கொஞ்சம் வேகமாக எழுதிவிட்டேன். கேட்பது ஒன்றுதான்: சிறுவர் பீரோவைத் திறந்துவிடுங்கள். முடிந்தால் அந்த நூல்களைப் பிள்ளைகள் கைக்கு எட்டும் தாழ்ந்த அலமாரிக்கு மாற்றி, கீழே ஒரு பாய் விரிக்கச் சொல்லுங்கள். இயல்பான இழப்புக்கு நூலகரிடம் பணம் பிடிக்கக் கூடாது என்று ஆணையிடுங்கள். கிழிந்த பக்கங்களை ஒட்டவும் அட்டை போடவும் வாரம் ஒரு நாள் நான் வருகிறேன். தெருவில் இன்னும் சில பெண்கள் வரத் தயாராக இருக்கிறார்கள்.

கோடை விடுமுறை நெருங்குகிறது. வேலூர் வெயிலில் பகலில் பிள்ளைகளை வெளியே விளையாட விட முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். விடுமுறை தொடங்கும் முன்பே பீரோவைத் திறக்கும் ஆணை நூலகர் கைக்கு வந்துசேர வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிளை நூலக உறுப்பினர் ஒருவர்,
வேலூர் மாவட்டம்