குத்தம்பாக்கத்தைத் திறக்கறதுக்கு முன்னாடி: கும்டாவுக்கும் சிஎம்டிஏவுக்கும் ஒரு திறந்த மடல்

கும்டா, சிஎம்டிஏ, போக்குவரத்துத் துறை, எம்டிசி, தெற்கு ரயில்வே எல்லாருக்கும் வணக்கம்.

அஞ்சு பேருக்கும் சேத்தே எழுதறேன். ஒருத்தருக்கு மட்டும் எழுதினா அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லீங்கன்னு பதில் வரும், அது நம்ம ஊர் வழக்கம். பஸ் ஸ்டாண்ட் கட்டறது சிஎம்டிஏ, அதுல வெளியூர் பஸ் விடறது எஸ்இடிசியும் டிஎன்எஸ்டிசியும், வாசல்ல டவுன் பஸ் விடறது எம்டிசி, எதிர்ல தண்டவாளம் ரயில்வேக்குச் சொந்தம், நடுவுல போற ஜிஎஸ்டி ரோடு தேசிய நெடுஞ்சாலை. இத்தனை பேரையும் ஒரே டேபிள்ல உக்கார வைக்கத்தானே கும்டான்னு ஒரு போக்குவரத்துக் குழுமம் வந்துச்சு. 2010லயே சட்டம் போட்டாச்சு, முதல்வர் தலைமைல முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பர்ல. சரி லேட்டா வந்தாலும் வந்துச்சேன்னு சந்தோஷப்பட்டவங்கள்ல நானும் ஒருத்தன். அந்த உரிமைலதான் இதை எழுதறேன்.

விஷயம் தெற்கே போற வெளியூர் பஸ்ஸுக்காகக் கட்டின கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் பத்தி, ஆனா கிளாம்பாக்கத்தைத் திட்டறதுக்கு இல்ல. அதை ஏற்கனவே எல்லாரும் திட்டி முடிச்சாச்சு. எனக்கு கவலை அடுத்து வரப்போற குத்தம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட்.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன். கிளாம்பாக்கம் 88 ஏக்கர், கிட்டத்தட்ட 394 கோடி ரூபா, உள்ள போனா விசாலமா இருக்கு, வெளிச்சம் இருக்கு, எஸ்கலேட்டர் இருக்கு, கழிவறைக்குள்ள மூக்கைப் பொத்தாம போய்ட்டு வர முடியுது, பெரியவங்கள ஏத்திட்டுப் போக பேட்டரி வண்டி ஓடுது. கோயம்பேட்டுல கடைசி காலத்துல பொங்கலுக்கு முந்தின நாள் மாட்டிக்கிட்டவங்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும், வெளிய வர்றதுக்குள்ளயே பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் ஆகும், மதுரவாயல்ல இருந்து வடபழனி வரைக்கும் ரோடு முழுக்க ஹாரன்தான். அதனால பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளிய கொண்டு போனதே தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு காலத்துல பாரிஸ் கார்னர்ல இருந்ததை 2002ல கோயம்பேட்டுக்கு மாத்தினப்பவும் இதே கூச்சல்தான் இருந்துச்சு, கோயம்பேடு அப்ப அத்துவானம். அப்புறம் ஊரே அந்தப் பக்கம் நகந்து வந்துடுச்சு.

ஆனா அந்தக் கதைல ஒரு பகுதியை யாரும் பேச மாட்டேங்கறாங்க. கோயம்பேடு திறந்தது 2002 நவம்பர். அங்க மெட்ரோ வந்தது 2015 ஜூன். நடுவுல பதிமூணு வருஷம் ஜனங்க 27பி, 15பின்னு டவுன் பஸ்ல தொங்கிக்கிட்டும் ஆட்டோக்காரர் கேட்ட காசைக் குடுத்துக்கிட்டும் போய்ட்டு வந்தாங்க. ஒருவழியா பஸ் ஸ்டாண்ட் வாசல்லயே மெட்ரோ ஸ்டேஷன் வந்து, ஏர்போர்ட் வரைக்கும் சென்ட்ரல் வரைக்கும் லைன் போய், பெட்டியைத் தூக்கிட்டு இறங்கினா நேரா ஏசி ரயில்ல ஏறலாம்னு ஒரு வசதி கிடைச்சு, ஜனங்களும் அதுக்குப் பழகி, எட்டு வருஷம் முழுசா ஆச்சோ இல்லையோ, தெற்கே போற பஸ் எல்லாத்தையும் அங்க இருந்து தூக்கி கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர் தள்ளி வெச்சாச்சு. மெட்ரோ ஸ்டேஷன் அங்கயே இருக்கு, பஸ்தான் இல்ல. வேலூர், பெங்களூரு, ஈசிஆர் பக்கம் போற பஸ் மட்டும் இன்னும் கோயம்பேட்டுல இருந்து போகுது, அதையும் தூக்கற வேலைதான் குத்தம்பாக்கம். அதுக்கு அப்புறம் வரேன்.

கிளாம்பாக்கத்துல எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ரயில் ஸ்டேஷன். மெட்ரோன்னா புரியுது, ஏர்போர்ட்ல இருந்து கிளாம்பாக்கம் வரைக்கும் 15 கிலோமீட்டர் சொச்சம், ஒன்பதாயிரம் கோடிக்கு மேல செலவு, மத்திய அரசு ஒப்புதல், கடன், இதெல்லாம் ஒரு நாள்ல நடக்கற வேலை இல்ல. ஆனா பீச் செங்கல்பட்டு ரயில் லைன் அங்க ஏற்கனவே இருக்கே! பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, ஜிஎஸ்டி ரோடுக்கு அந்தப் பக்கம், பல காலமா மின்சார ரயில் ஓடிக்கிட்டு இருக்கு. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவுல ஒரு ஸ்டேஷன், மூணு பிளாட்ஃபார்ம், ரோடைத் தாண்ட ஒரு நடைமேம்பாலம், அவ்வளவுதான் தேவை. ஸ்டேஷனுக்காக மாநில அரசு ரயில்வேக்குக் கட்டின பணம் 20 கோடி. பஸ் ஸ்டாண்டோட செலவுல இருபதுல ஒரு பங்கு.

பஸ் ஸ்டாண்டுக்கு அடிக்கல் நாட்டினது 2019ல. திறந்தது 2023 டிசம்பர் 30. நடுவுல கொரோனா, ஆட்சி மாற்றம், முன்னாடி தேங்கற மழைத் தண்ணி, எல்லாம் வந்து போச்சு, கிட்டத்தட்ட அஞ்சு வருஷம். அந்த அஞ்சு வருஷத்துல ஒருத்தருக்குக் கூடவா ரயில்வேக்கு ஒரு கடிதாசி போட்டு பணத்தைக் கட்டி ஸ்டேஷன் வேலையைச் சேத்தே ஆரம்பிச்சிடுவோம்னு தோணல? பணம் கட்டினதே பஸ் ஸ்டாண்ட் திறக்கற சமயத்துலதான். வேலை ஆரம்பிச்சது அதுக்கும் பிறகு. நடைமேம்பாலத்துக்கு நிலம் எடுக்கறதுல வேற இழுபறி. கல்யாணத்துக்கு வந்தவங்களை பந்தில உக்கார வெச்சு இலையும் போட்டுட்டு அரிசி வாங்க ஆள் அனுப்பின கதைதான். 2025 தீபாவளியோட ரெண்டு தீபாவளி, ரெண்டு பொங்கல் அந்த ஸ்டேஷன் இல்லாமலே போயிடுச்சு. ஒவ்வொரு பண்டிகைக்கு முன்னாடியும் சீக்கிரமே திறக்கப்படும்னு ஒரு செய்தி மட்டும் தவறாம வந்துடும்.

இதனால யாருக்கு என்ன கஷ்டம்னு கேட்டா, தாம்பரம் குரோம்பேட்டைக்காரங்களுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல, சொல்லப்போனா அவங்களுக்கு லாபம். அடி வாங்கறது வடசென்னை. கொளத்தூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, அம்பத்தூர், திருவொற்றியூர். திருச்சில இருந்து கிளாம்பாக்கம் வர்ற நேரத்தையும் கிளாம்பாக்கத்துல இருந்து தண்டையார்பேட்டை போற நேரத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. மாதவரத்துல இருந்து தெற்கே கொஞ்சம் பஸ் விட்டீங்க, அது உண்மைலயே நல்ல காரியம், ஆனா அப்படி ஒரு பஸ் இருக்கறது பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிஞ்சவங்களுக்கும் எந்த ஊருக்கு எத்தனை மணிக்குன்னு தெரியாது.

நாலரை மணிக்கு, காலைல நாலரை, ஒரு தடவை நீங்க யாராவது போய் நின்னு பாருங்க. ஆய்வுக்குப் போற மாதிரி இல்ல, சும்மா ஒரு ஓரமா. மதுரை, தஞ்சாவூர், நாகர்கோவில், திருநெல்வேலி பஸ் எல்லாம் வரிசையா வந்து ஆளைக் கொட்டற நேரம் அது. ஒரு அம்மா இறங்குவாங்க, கைல கட்டைப்பை, இடுப்புல குழந்தை, பின்னாடி புருஷன் தலைல அரிசி மூட்டை. வெளியூர் பஸ் நிக்கற இடத்துல இருந்து எம்டிசி பஸ் நிக்கற இடத்துக்கு நடக்கணும், பேட்டரி வண்டில இடம் இருந்தா சரி. அங்க போய் நின்னா 70வி இருக்கும் இல்ல 21ஜி இருக்கும், ஏற்கனவே நிறைஞ்சிருக்கும், மூட்டையைப் பாத்ததும் கண்டக்டர் முகம் மாறும், அவரைச் சொல்லியும் குத்தமில்ல. பெரம்பூருக்கு நேரா போறது எப்பங்கன்னு அந்த அம்மா கேப்பாங்க. கேக்கறது யார்கிட்டன்னா பக்கத்துல நிக்கற இன்னொரு பயணி கிட்ட, ஏன்னா எழுதிப் போட்டிருக்கற இடம் கண்ல படாது. அந்த நேரம் பாத்து ஒரு ஆட்டோக்காரர் வந்து எங்கம்மா போணும்னு அன்பா கேப்பார். ஊர்ல இருந்து சென்னைக்கு குடுத்த பஸ் டிக்கெட்டை விட அந்த ஆட்டோ அதிகமா கேக்கும்.

இத்தனைக்கும் நாலு மணி வாக்குல மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சிடுது. எழும்பூர் வரைக்கும் பத்து ரூபா சமாச்சாரம். அந்த அம்மாவுக்கும் அந்த ரயிலுக்கும் நடுவுல இருந்தது ஒரு ரோடும் கட்டி முடிக்காத ஒரு ஸ்டேஷனும்தான்.

ஜனங்க என்ன பண்ணாங்கன்னு பாத்தா இன்னும் சுவாரஸ்யம். பெருங்களத்தூர்ல ஏறிக்கறேன், தாம்பரத்துல இறங்கிக்கறேன்னு அவங்களே ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டாங்க. காரணம் சிம்பிள், அங்க ரயில் ஸ்டேஷன் ரோட்டை ஒட்டியே இருக்கு. 394 கோடில கட்டின பஸ் ஸ்டாண்டை விட்டுட்டு பெருங்களத்தூர் ரோட்டோரத்துல பெட்டியோட நிக்கறாங்கன்னா ஜனங்களுக்கு அறிவில்லன்னு அர்த்தமா? ஆம்னி பஸ்காரங்களும் அதேதான் செஞ்சாங்க, அவங்க கோர்ட்டுக்கே போனாங்க, 2024 பிப்ரவரில ஹைகோர்ட் போரூர், சூரப்பட்டு டோல்கேட்டுல ஆள் ஏத்திக்கலாம்னு இடைக்கால உத்தரவு குடுத்துச்சு. அதே மாசம் முகூர்த்த நாள் கூட்டத்துல ராத்திரி பஸ் இல்லாம கிளாம்பாக்கத்துல ஜனங்க ரோட்டுல உக்காந்தது பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. திறந்து ரெண்டு மாசம் கூட ஆகல.

நான் கேக்கறது ரொம்ப பெரிய விஷயம் இல்ல.

கோயம்பேட்டுல இருந்து தெற்கு பஸ்ஸை எடுத்ததுக்குச் சொன்ன காரணம் டிராஃபிக். ஒத்துக்கறேன். ஆனா காலைல நாலு மணிக்கு கத்திப்பாராவுல என்ன டிராஃபிக்? எட்டு மணிக்கு வர்ற பஸ்ஸை கிளாம்பாக்கத்துல நிறுத்துங்க, யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. ஆனா விடிகாலை ஆறு மணிக்குள்ள வர்ற அரசு பஸ்ஸை கிளாம்பாக்கத்துல ஆளை இறக்கிட்டு மீதி ஆளோட கிண்டி, கோயம்பேடு, மாதவரம்னு ஊருக்குள்ள ஒரு சுத்து விடறதுல யாருக்கு நஷ்டம்? டீசல் செலவுன்னா அதுக்கு ஒரு முப்பது ரூபா கூட வாங்கிக்கங்க, சந்தோஷமா குடுப்பாங்க. அதே பஸ், அதே சீட்டு, மூட்டையை இறக்கி ஏத்தற வேலை இல்ல.

அதுக்கு வழியில்லன்னா டிக்கெட்டையாவது சேருங்க. ஆன்லைன்ல எஸ்இடிசி புக் பண்றப்பவே எங்க போகணும்னு கேட்டு எம்டிசி டிக்கெட்டையும் சேத்து குடுக்கலாமே. எத்தனை பேர் அம்பத்தூர் போறாங்க, எத்தனை பேர் திருவொற்றியூர் போறாங்கன்னு முந்தின நாள் ராத்திரியே உங்க கைல கணக்கு வந்துடும், அதை வெச்சு காலைல எங்க எத்தனை பஸ் விடணும்னு முடிவு பண்ணலாம். 2025 செப்டம்பர்ல சென்னை ஒன் ஆப் விட்டீங்க, பஸ், மெட்ரோ, மின்சார ரயில் எல்லாத்துக்கும் ஒரே க்யூஆர். நல்லா இருக்கு, நானும் வெச்சிருக்கேன். ஆனா டிக்கெட்தான் ஒண்ணா சேந்திருக்கு, நேரம் சேரல. பஸ் வந்து நிக்கறதுக்கும் அடுத்த வண்டி கிளம்பறதுக்கும் சம்பந்தமே இல்லாம இருந்தா ஒரே க்யூஆர் வெச்சு நான் என்ன பண்றது?

இது சென்னை சமாச்சாரம் மட்டும்னு நெனச்சுடாதீங்க. திருச்சில சென்ட்ரல் பஸ் ஸ்டாண்ட்ல இருந்து ஜங்ஷனுக்கு நடந்தே போயிடலாம், ரயில்ல இறங்கி டீ குடிச்சுட்டு பொடிநடையா போய் புதுக்கோட்டை பஸ் ஏறினவங்க எத்தனை லட்சம் பேர். இப்ப வெளியூர் பஸ் எல்லாம் பஞ்சப்பூர். 2025 மே மாசம் திறந்து ஜூலைல ஓட ஆரம்பிச்சுது, அதுவும் பளபளன்னுதான் இருக்கு. ஆனா அம்பது வருஷமா தானா அமைஞ்சிருந்த ரயில் பஸ் இணைப்பு போச்சு, அதை இனிமே டவுன் பஸ் விட்டு செயற்கையா உண்டாக்கணும். மதுரைலயும் பெரியார் பஸ் ஸ்டாண்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கம், மாட்டுத்தாவணி தூரம், அந்த ஊர்க்காரங்களுக்கு இது பழகின கதை. எந்த ஊரா இருந்தாலும் நிலம் எங்க சும்மா கிடைக்குதோ அங்க பஸ் ஸ்டாண்டுன்னு முடிவாகுது, ஜனங்க அங்க எப்படி வருவாங்கங்கறது திறப்பு விழாவுக்கு அப்புறம் யோசிக்கற விஷயமா இருக்கு.

இப்ப குத்தம்பாக்கம். திருமழிசை தாண்டி, பெங்களூரு ரோட்டுல, சுமார் 25 ஏக்கர். கிளாம்பாக்கத்துக்காவது எதிர்ல தண்டவாளம் இருந்துச்சு, லேட் ஆனாலும் ஒரு ஸ்டேஷன் கட்ட முடியும். குத்தம்பாக்கத்துக்கு நடக்கற தூரத்துல ரயிலே கிடையாது. பூந்தமல்லில இருந்து பரந்தூர் வரைக்கும் மெட்ரோ அந்த வழியா போகும்னு திட்டம் இருக்கு, திட்டம்தான். ஆக அங்க மொத்த சுமையும் எம்டிசி பஸ் மேலதான் விழும். ஓசூர்ல இருந்து, வேலூர்ல இருந்து நடுராத்திரி வர்றவங்க எல்லாம் அந்த ஹைவேல இறங்கி நிக்கப் போறாங்க. ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க, ஸ்டான்லிக்கும் ஜிஹெச்சுக்கும் காலைல ஓபி சீட்டு வாங்க வர்றவங்க, அவங்க எல்லாம் ஆறு மணிக்கு ஊருக்குள்ள இருக்கணும்.

அதனால கட்டடத்துக்கு பெயிண்ட் அடிச்சாச்சா, பேர் பலகை வெச்சாச்சாங்கறதை விட்டுட்டு ராத்திரி பத்து மணில இருந்து காலை ஆறு மணி வரைக்கும் எம்டிசி டைம்டேபிளை முதல்ல வெளியிடுங்க. பூந்தமல்லிக்கு எத்தனை, ஆவடிக்கு எத்தனை, சென்ட்ரலுக்கு எத்தனை, எது எந்த இடத்துல நிக்கும். திறக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே அந்த பஸ்ஸை காலியாவாவது ஓட்டிக் காட்டுங்க. அது முடியலன்னா கோயம்பேட்டுல இருந்து ஒரு பஸ்ஸைக் கூட எடுக்காதீங்க, அங்க மெட்ரோ இருக்கு.

எப்படியும் திறப்பு விழாவுக்கு பேப்பர்ல முழுப்பக்க விளம்பரம் குடுப்பீங்க. எத்தனை கோடி, எத்தனை ஏக்கர், யார் தலைமை, யார் முன்னிலை எல்லாம் போடுங்க. கீழ ஒரு வரி மட்டும் எனக்காக ஒதுக்குங்க: குத்தம்பாக்கத்துல இருந்து சென்ட்ரலுக்கு காலைல முதல் பஸ் எத்தனை மணிக்கு, அதுக்கு அடுத்தது எத்தனை மணிக்கு.

இப்படிக்கு,
கொளத்தூர்ல இருந்து ஒரு பயணி