இயந்திரம் மெய்நிகர், தடை மட்டும் மெய்

இயங்குதளங்களை உருவாக்குவோருக்கும், அவற்றைத் தாங்கும் மெய்நிகர் இயந்திர மென்பொருள்களைச் செய்வோருக்கும்,

வணக்கம்.

இரண்டு வாரங்களாக ஒரு பழைய இயங்குதளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். அது மேசைமேல் இருக்கும் பெட்டியில் இல்லை. என் கணினிக்குள் மெய்நிகர் இயந்திரமாக, அதாவது மென்பொருளே கணினிபோல நடிக்கும் ஏற்பாட்டில், ஒரு கோப்பாக இருக்கிறது. அதில் மட்டுமே ஓடும் பழைய மென்பொருள் ஒன்றுக்காகப் பல ஆண்டுகள் அதைத் தொடாமல் விட்டிருந்தேன். ஒருவழியாக மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு மேம்படுத்தலைத் தொடங்கியபோது, இந்தக் கணினி குறைந்தபட்சத் தேவைகளை நிறைவு செய்யவில்லை என்று திரை சொன்னது.

எந்தக் கணினி? அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

உண்மையான கணினியிடம் அப்படிச் சொன்னால் பொருள் உண்டு. பாதுகாப்புச் சில்லு இல்லையென்றால் இல்லைதான். புதுக் கணினி வாங்க வேண்டும். மெய்நிகர் இயந்திரத்தில் செயலி, நினைவகம், வட்டு, தாய்ப்பலகை எல்லாமே அமைப்புக் கோப்பில் எழுதப்பட்ட சில வரிகள். விண்டோஸ் 11 கேட்கும் 2 செயலிக் கருக்கள், 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி வட்டு, யுஇஎஃப்ஐ (கணினியை எழுப்பும் புது முறை), டிபிஎம் 2.0 (அந்தப் பாதுகாப்புச் சில்லு) ஆகியவற்றில் பெரும்பாலானவை இயந்திரத்தை அணைத்துவிட்டுச் சில பெட்டிகளில் குறியிட்டால் கிடைத்துவிடும். ஒற்றைக் கருவோடு உருவாக்கப்பட்ட பழைய இயந்திரங்கள் ஏராளம். அந்த ஒன்றை இரண்டாக்க எண்ணி அரை நிமிடம் போதும். இதை அறியாதவர் பழைய இயந்திரத்தையே அழித்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறார்.

தான் எதற்குள் ஓடுகிறது என்பது நிறுவல் நிரலுக்குத் தெரியாது என்று சொல்லிவிடாதீர்கள். எக்ஸ்86 செயலிகளில் சிபியுஐடி என்ற கட்டளையைக் கொடுத்தால், திரும்பி வரும் விடையின் 31ஆம் பிட் இது மெய்நிகர் இயந்திரம் என்பதைச் சொல்லிவிடுகிறது. இன்னொரு முறை கேட்டால் தாங்கும் மென்பொருள் தன் பெயரையும் சொல்லும். பெயருக்கு 12 பைட் இடம். அதை நிரப்ப விஎம்வேர் தன் பெயரை இருமுறையும் கேவிஎம் மும்முறையும் நாமசெபம் போலச் சொல்லிக்கொள்கின்றன. இவ்வளவு தெளிவாக அறிந்துகொள்ள முடிந்தும், "டிபிஎம் இல்லை" என்பதோடு நிறுத்திக்கொள்வது ஏன்? "நீங்கள் மெய்நிகர் இயந்திரத்துக்குள் இருக்கிறீர்கள், இதை அணைத்துவிட்டு அமைப்பில் டிபிஎம் சேர்த்துவிட்டு வாருங்கள்" என்று இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்தால் போதுமே.

இயந்திர மென்பொருள் செய்வோரே, உங்களிடமும் எனக்கு வழக்கு இருக்கிறது. மேம்படுத்துமுன் ஸ்நாப்ஷாட் (அந்த நேரத்து நிலைக்குத் திரும்ப உதவும் பதிவு) எடுத்துக்கொள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் நல்ல பிள்ளையாக முதல் வேலையாக அதைச் செய்தேன். பிறகுதான் வட்டில் இடம் போதாது என்று தெரிந்தது. பெரிதாக்கப் போனால் அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தது. ஸ்நாப்ஷாட் எடுத்த பிறகு எழுதப்படுவதெல்லாம் தனிக் கோப்பில் மாற்றங்களாகச் சேர்வதால், அடியில் உள்ள வட்டின் அளவை அது கலைக்க விடாது. காரணம் நியாயமானது. ஆனால் முதலில் வட்டைப் பெரிதாக்கு, பிறகு ஸ்நாப்ஷாட் எடு என்ற வரிசையை ஸ்நாப்ஷாட் பொத்தானுக்குப் பக்கத்தில் எழுதிவைத்தால் என்ன குறைந்துவிடும்? எடுத்ததை நீக்கி, மாற்றங்கள் அடிவட்டோடு சேரும்வரை ஒரு மாலைப்பொழுது முழுவதும் காத்திருந்தேன்.

வட்டு பெரிதானது. உள்ளே போய்ப் பார்த்தால், புதிதாகக் கிடைத்த இடம் வட்டின் கடைசியில் இருந்தது; இயங்குதளம் இருந்த பகுதிக்கும் அதற்கும் நடுவே அரை ஜிபிகூட இல்லாத ஒரு மீட்புப் பகுதி குறுக்கே உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் உள்ள இடத்தை மட்டுமே சேர்த்துக்கொள்ள முடியுமாம். கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. அந்தச் சிறு பகுதியை நகர்த்த வேறொரு கருவியைத் தேடிப் போனேன். இதில் நான் இயங்குதளக்காரரைத் திட்டுவதா, இயந்திரக்காரரைத் திட்டுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

பழைய பயாஸ் முறையிலிருந்து யுஇஎஃப்ஐக்கு மாறுவது இதைவிட ஆபத்தான இடம். விண்டோஸில் எம்பிஆர் என்ற பழைய முறையில் பகுதி பிரித்த வட்டைத் தரவு அழியாமல், யுஇஎஃப்ஐ கேட்கும் ஜிபிடி முறைக்கு மாற்ற எம்பிஆர்2ஜிபிடி என்ற நல்ல கருவி, விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து உடன் வருகிறது. முதலில் வட்டை மாற்ற வேண்டும், அதன் பிறகுதான் இயந்திரத்தின் அமைப்பை மாற்ற வேண்டும். அமைப்பில் யுஇஎஃப்ஐயை முன்கூட்டியே குறியிட்டுவிட்டால் இயந்திரம் எழாது. பலர் வட்டே கெட்டுவிட்டது என்று பதறுவது இந்த இடத்தில்தான். மைக்ரோசாஃப்டின் இயந்திர மென்பொருளான ஹைப்பர்-வியில் முதல் தலைமுறையாக (பயாஸ் வகை) பிறந்த இயந்திரத்தை இரண்டாம் தலைமுறையாக (யுஇஎஃப்ஐ வகை) ஆக்க வழியே கிடையாது; புது இயந்திரம் உருவாக்கி, மாற்றிய வட்டை அதில் இணைக்க வேண்டும். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனில் டிபிஎம் சேர்க்குமுன் இயந்திரத்தைக் கடவுச்சொல் வைத்து மறைகுறியாக்க வேண்டும். அந்தக் கடவுச்சொல்லைத் தொலைத்தால் இயந்திரமே தொலைந்தது என்பதை மட்டுமாவது கொட்டை எழுத்தில் போடுங்கள்.

பழையதை வைத்திருப்பவன் சோம்பேறி என்று நீங்கள் நினைக்கலாம். ஓரளவு உண்மைதான். ஆனால் நீங்களும் படிகளைப் பெயர்த்துக்கொண்டே போகிறீர்கள். விண்டோஸ் 7இலிருந்து 11க்கு நேர்வழி இல்லை, நடுவே 10 வேண்டும். அந்த 10க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பில் 18.04இலிருந்து 22.04க்குப் போக, நடுவே 20.04இல் கால் வைத்தே ஆக வேண்டும். இன்னொரு லினக்ஸான சென்ட்ஓஎஸ் 7க்கு 2024 ஜூன் 30 அன்று ஆதரவு முடிந்த பிறகு, மென்பொருள் தொகுப்புகளை இறக்கும் அதன் வழக்கமான களஞ்சிய முகவரிகள் ஓய்ந்துபோயின. தொகுப்புகள் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன, ஆனால் பழைய இயந்திரத்துக்கு அந்தப் புது முகவரி தெரியாது. முகவரியைக் கையால் திருத்தத் தெரிந்தவருக்கு வழி உண்டு. தெரியாதவர் பாதிக் கிணறு தாண்டியவர்தான். ஆதரவை நிறுத்துங்கள், அது உங்கள் உரிமை. பழைய முகவரியிலிருந்து காப்பகத்துக்கு வழிதிருப்பி விடுவதற்குப் பெரிய செலவு ஆகாது. டெபியன் என்ற லினக்ஸ்காரர்களின் வெளியீட்டுக் குறிப்புகளைப் பாருங்கள்: காப்புநகல், காலி இடம், எந்தப் பதிப்பிலிருந்து கிளம்ப வேண்டும் என்பதையெல்லாம் மேம்படுத்தலுக்கு முன்பே பொறுமையாகச் சொல்லியிருப்பார்கள். நீளமாகத்தான் இருக்கும், நான் ஒருமுறைகூடச் சலித்துக்கொண்டதில்லை.

என் இயந்திரம் இப்போது நடுப்படியில் நிற்கிறது. பழைய மென்பொருள் திறக்கிறது. அச்சுப்பொறியை மட்டும் காணோம் என்கிறது. இம்முறை ஸ்நாப்ஷாட்டை நம்பாமல், இயந்திரத்தை அணைத்துவிட்டு முழுக் கோப்பையும் வேறொரு வட்டுக்கு நகலெடுத்துக்கொண்டிருக்கிறேன். அது முடிவதற்குள் இந்த மடலை முடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய மெய்நிகர் இயந்திரத்தின் சொந்தக்காரர்