விடுதியின் பெயர் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். உன் நலத்தை நீ எழுதினால்தான் தெரியும். இந்தக் கடிதத்தை உன் அலுவலக முகவரிக்கு அனுப்புகிறேன், காரணம் கேட்காதே.

சித்திரையில் பேசியபோது, "அப்பா, முடிந்தால் அந்தக் கட்டாகுரி குடும்பத்தின் படத்தைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு, ஏன் என்று நான் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டாய். அதன்பிறகு உன்னிடமிருந்து வருவதெல்லாம் பூப்போட்ட காலை வணக்கம் மட்டும்தான். ஆகவே போன ஞாயிற்றுக்கிழமை தம்பியின் கணினியில் படத்தை முழுவதுமாகப் பார்த்து முடித்தேன். அம்மா முதல் ஐந்து நிமிடத்திலேயே எழுந்து போய்விட்டாள். உணவகத்தில் ஒரு பெண் சூப்பில் கரண்டியை விட, உள்ளேயிருந்து சிறகு முளைத்த களிமண் குட்டிப் பிசாசு ஒன்று கிளம்பி அவளுடைய உள்நாக்கைப் பிடுங்குகிறதே, அந்த இடத்தில். அன்று இரவு நம் வீட்டில் ரசம் வைக்கவில்லை.

2001-இல் வந்த 'தி ஹாப்பினஸ் ஆஃப் தி கட்டாகுரிஸ்' என்ற ஜப்பானியப் படம் என்றும், 1998-இல் கொரியாவில் எடுத்த ஒரு படத்தின் கதையை வைத்துக்கொண்டு இயக்குநர் தகாஷி மீக்கே அதில் பாட்டையும் கூத்தையும் சேர்த்துவிட்டார் என்றும் தம்பி சொன்னான். எனக்கு அந்த விவரங்களைவிட அந்தத் தகப்பன்தான் மனத்தில் நின்றார். செருப்பு விற்கும் வேலை போய், கைக்கு வந்த தொகையை அப்படியே கொட்டி, ஃபூஜி மலைப் பக்கம் முன்பு குப்பைமேடாகக் கிடந்த இடத்தில் ஒரு பெரிய வீட்டை வாங்கி, பெரிய சாலை வரப்போகிறது என்ற ஒரே பேச்சை நம்பி விடுதி நடத்துகிறார். சாலையும் வரவில்லை, ஆளும் வரவில்லை. (ஏற்காட்டு விஷயத்தை நான் மறக்கவில்லை. அம்மாவிடம் நீயும் அதை எடுக்காதே.) அந்தத் தகப்பனாக நடிக்கும் கென்ஜி சவாடா, அறுபதுகளில் 'தி டைகர்ஸ்' குழுவில் பாடி ஜப்பானியப் பெண்களைக் கிறங்கடித்தவராம், இங்கே பூசிய உடம்பும் கவலையுமாக நிற்கிறார்.

முதல் விருந்தாளி வந்த இரவே அறைச் சாவியை வைத்துத் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். பிணத்தைப் பார்த்ததும் குடும்பமே அலறிக்கொண்டு பாட ஆரம்பிக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, மறைக்கவில்லை. ஆனால் பாட்டு முடிந்ததும் அந்தத் தகப்பன் போலீசுக்குச் சொல்ல வேண்டாம், விடுதியின் பெயர் கெட்டுவிடும் என்று முடிவுசெய்து, ஊர் பேர் தெரியாத அந்த மனிதனைக் கொல்லைப்புறத்தில் புதைக்கிறாரே, அப்போது சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்து வரும் சுமோ மல்லனும் அவனோடு வந்த பெண்ணும் செத்துப்போகிறார்கள். அவர்களுக்கும் அதே கொல்லைதான்.

நான் சப்டைட்டிலை வைத்துக்கொண்டு தடுமாறிய படத்தை நீ காதாலேயே கேட்டுப் புரிந்துகொண்டிருப்பாய். ஜப்பானிய மொழியில் என்2 தேர்வு எழுதித் தேறியவள் என் மகள் என்று சலூன்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அவ்வளவு மொழி படித்தவளுக்குப் பெற்றவர்களிடம் நாலு வார்த்தை பேச வரவில்லை என்பதுதான் வருத்தம். வேளைக்குச் சாப்பிடு. பாஸ்போர்ட்டை உன் கைப்பையிலேயே வைத்துக்கொள், அலமாரியில் வேண்டாம்.

அந்த வீட்டுப் பெண் ஷிசுவேயைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், எங்கெங்கோ போய்விட்டேன். விவாகரத்தாகிக் குழந்தையோடு வந்தவள். அந்தக் குழந்தைதான் நமக்குக் கதை சொல்கிறது. அத்தனை பிணங்களுக்கு நடுவிலும் அவளும் குழந்தையும் எல்லோரோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பிறகு ரிச்சர்ட் சகாவா என்று ஒருவன் கடற்படைச் சீருடையில் வந்து, தான் எலிசபெத் ராணிக்கு உறவு என்கிறான். இவளும் நம்பி அவனோடு அந்தரத்தில் மிதந்து பாடுகிறாள். "பார்த்த உடனேயே இவன் ஏமாற்றுக்காரன் என்று எனக்குத் தெரிந்துவிட்டது" என்று தம்பியிடம் சொன்னேன். அவன் திரும்பி என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

மாப்பிள்ளைக்கு வேலை எப்படிப் போகிறது என்று அம்மா கேட்கச் சொன்னாள். நான் கேட்கப் போவதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் புரட்டாசியில் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு நீ அழைத்தாய். "அப்பா, நான் வந்துவிடட்டுமா?" என்றாய். தம்பிக்குப் பெண் பார்க்கிற நேரம், சம்பந்தம் பேசுகிறவர்கள் நாலு விதமாக நினைப்பார்கள், கொஞ்சம் அனுசரித்துப் போ என்று சொன்னேன். உடம்பை ஏதாவது செய்கிறதா, அடித்தானா, சாப்பிட்டாயா, ஒன்றுமே கேட்கவில்லை. இங்கே பதினொன்று என்றால் அங்கே இரண்டரை. இரண்டரை மணிக்கு ஒரு பெண் ஏன் விழித்திருக்கிறாள் என்ற கணக்கைக்கூட நான் போடவில்லை. யார் போனில் என்று அம்மா தூக்கத்தில் கேட்டதற்கு, ராங் நம்பர் என்றேன். அவளுக்கு இன்றுவரை தெரியாது. தம்பிக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அந்தச் சம்பந்தமும் கூடி வரவில்லை.

சாலை வேலை கடைசியில் வந்தேவிடுகிறது, அப்போது புதைத்ததையெல்லாம் தோண்டி வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. பிணங்கள் எழுந்து அவர்களோடு சேர்ந்து ஆடுகின்றன. அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். தம்பி விளக்கைப் போடாமல் விட்டான். பிறகு வந்து எரிமலை வெடிக்கிற வரையிலும் பார்த்தேன். நீ இந்தப் படத்தை ஏன் பார்க்கச் சொன்னாய் என்று நான் புரிந்துகொண்டது தவறாக இருந்தால், அப்படியே ஒரு வரி எழுது. தவறாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

உன் அறையில் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளைத் தம்பி கீழே இறக்கிவிட்டான். மின்விசிறிக்குக் கண்டென்சர் மாற்றியாயிற்று. அம்மாவிடம் வெள்ளிக்கிழமைக்குள் நானே சொல்லிவிடுகிறேன். அவள் அழைத்து அழுதால் கோபிக்காமல் பேசு. எந்த நேரமானாலும் அழை, போனை இப்போதெல்லாம் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் கைப்பையிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா