பின்னால் வருகிற காரையும் ஒரு முறை கேளுங்கள்

பன்னாட்டு ஆட்டோமொபைல் கூட்டமைப்பில் பார்முலா ஒன் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் பெருமக்களுக்கு,

வணக்கம். ஊர்த் தெருக்களிலேயே நடக்கும் மொனாக்கோ பந்தயம் 2025-இல் முடிந்த கையோடு இதை எழுதுகிறேன். முந்தைய ஆண்டு அங்கே 78 சுற்றுகள் ஓடியும் முதல் பத்துப் பேர் புறப்பட்ட வரிசையிலேயே வந்து சேர்ந்தார்கள். அதற்கு மருந்தாக, இந்த முறை எல்லோரும் இரண்டு தடவை டயர் மாற்றியே ஆக வேண்டும் என்றீர்கள். நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். சில அணிகளில் ஒருவர் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிப் பின்னால் வந்தவர்களை ஊர்வலம் கூட்டிச் சென்றார். அதில் கிடைத்த இடைவெளியில் அவருடைய சகா சாவகாசமாக டயர் மாற்றிக்கொண்டு திரும்பினார். பொறுமை இழந்த ஒருவர், தண்டனை வந்தால் வரட்டும் என்று சிக்கேன் எனப்படும் இடவல நெளிவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு முந்திப் போனார்.

தெருவே குறுகல், என்ன செய்வது என்பீர்கள். தெரு சுருங்கவில்லை ஐயா, கார்தான் பெருத்துவிட்டது. 2017-இல் அகலத்தை 1.8 மீட்டரிலிருந்து 2 மீட்டராக்கியது உங்கள் விதி. 2008-இல் ஓட்டுநரோடு சேர்த்து 605 கிலோவாக இருந்த குறைந்தபட்ச எடை 2025-இல் 800 கிலோ.

மொனாக்கோவை விடுங்கள். அகலமான தடத்தில் ஒரு நீண்ட வளைவை எடுத்துக்கொள்வோம். பின்னால் வருபவர் சுற்றுக்கு அரை விநாடி வேகமானவர். இடைவெளி மூன்று விநாடி, இரண்டு, ஒன்றரை என்று குறைகிறது. முன்னால் போகும் கார் கலக்கிவிட்ட காற்று இப்போது இவருடைய முன் இறக்கையில் மோதுகிறது. ஸ்டியரிங்கை இன்னும் கொஞ்சம் ஒடிக்கிறார், மூக்கு திரும்பவில்லை. முன் டயர்கள் வழுக்குகின்றன, வழுக்க வழுக்கச் சூடேறுகின்றன. இப்படி நாலு சுற்று போனால் டயரின் கதை முடிந்தது. ரேடியோவில் பொறியாளர் சொல்கிறார்: இரண்டு விநாடி பின்தங்கி டயரை ஆறவிடு. வேகமாக வந்த குற்றத்துக்கு அவர் தள்ளி நிற்கிறார். நாங்கள் கொட்டாவி விடுகிறோம்.

இது உங்களுக்குத் தெரியாததல்ல. 2022 விதிகளுக்காக வெளியிடப்பட்ட கணக்கே சொன்னது: பத்து மீட்டர் பின்னால் வரும்போது பழைய கார் டவுன்ஃபோர்ஸில், அதாவது காரைத் தடத்தோடு அழுத்திப் பிடிக்கும் காற்றின் விசையில், 46 சதவீதத்தை இழந்தது, புதியது 18 சதவீதம்தான் இழக்கும். அந்த ஆண்டு கார்கள் நெருங்கி ஓடவும் செய்தன. பிறகு அணிகள் முன் இறக்கையின் ஓரத்தையும் தரைப்பலகையின் விளிம்பையும் செதுக்கிச் செதுக்கிக் காற்றை மறுபடி வெளியே தள்ளக் கற்றுக்கொண்டன. கலங்கல் திரும்பி வந்தது. 2009-லும் இதே கதைதான். முந்துவதை எளிதாக்க விதி எழுதினீர்கள், காரின் பின்பக்க அடியில் டவுன்ஃபோர்ஸைக் கூட்டும் இரட்டை டிஃப்யூசர் விதியின் ஓட்டை வழியே நுழைந்தது, அதுவும் செல்லும் என்றீர்கள். 2011-இல், பின்னால் நெருங்கி வருபவர் பின் இறக்கையைத் திறந்து நேர்த்தடத்தில் வேகம் கூட்டிக்கொள்ளும் டி.ஆர்.எஸ். வந்தது. வாசலை அடைத்துவிட்டுக் கொல்லைப்புறக் கதவைத் திறந்துவிடுவதில் உங்களுக்கு நல்ல பழக்கம்.

கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பொறியாளர்களின் மூளைக்குப் பூட்டுப் போடச் சொல்லவில்லை. கேட்பது ஒன்றே. பின்னால் வரும் கார் எவ்வளவு இழக்கிறது என்பதை ஒவ்வொரு பருவத்திலும் அளந்து வெளியிடுங்கள். அந்த எண் கெட்டுப்போனால், கெடுத்த பாகம் எதுவோ அதை அடுத்த பருவத்துக்கு முன் தடை செய்யுங்கள். டயரின் வயதிலிருந்து, டயர் மாற்றப் பிட்டில் நின்ற விநாடி வரை திரையில் காட்டப்படுகிறது. பந்தயத்தையே தீர்மானிக்கிற இந்த ஒரு எண் மட்டும் எங்கள் கண்ணில் படுவதில்லை.

2026-இல் கார் பத்து சென்டிமீட்டர் ஒடுங்கி, எடையும் குறையும் என்கிறீர்கள். மகிழ்ச்சி. டி.ஆர்.எஸ். போய், ஒரு விநாடிக்குள் நெருங்கி வருபவருக்குக் கூடுதல் மின்விசை கிடைக்குமாம். அந்த ஒரு விநாடிக்குள் வருவதற்குத்தானே இங்கே நாக்குத் தள்ளுகிறது?

ஆகவே, புதிய கார்கள் முதல் பந்தயத்துக்குப் புறப்படும் முன், பத்து மீட்டர் பின்னால் வரும் கார் எத்தனை சதவீதம் இழக்கிறது என்பதை வெளியிடுமாறும், பருவம் முடிந்ததும் மறுபடி அளந்து சொல்லுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இன்னமும் பந்தயம் பார்க்கும் ஒரு ரசிகன்